பதிவுக் குரல்

காலை எட்டு மணிக்குக் காரைப்பாளையம் தொகுதியின் எல்லாக் கைபேசிகளும் ஒரே குரலில் பேசத் தொடங்கின.

"தொகுதி மக்களுக்கு வணக்கமுங்க. உங்க சென்னியப்பன் பேசறேன். இந்தக் கூட்டத்தொடர்ல நிறைவேத்தின சட்டங்களைச் சொல்லிடறேன். மேல்நிலைத் தொட்டியை மாசாமாசம் கழுவாத ஊராட்சிக்கு இனி அபராதம். சாயப்பட்டறைத் தண்ணிய ஆத்துல திறந்து விடறவங்களுக்குக் கரண்ட் இல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலைத் தடுப்பூசி இலவசம். அப்புறம் செவிச் சட்டம்..."

குரல் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"செவிச் சட்டத்தை இன்னும் மூணு வருஷத்துக்கு நீட்டிச்சிருக்கறோம். உங்களுக்குச் சிரமம்தான், தெரியும். ஆனா உலர்மூச்சு வந்து ஒரே ஊட்டுல நாலு பாடை போன காலத்தை மறந்துடாதீங்க. நோய மறைக்காதீங்க. ஒருத்தர் குரலுக்கு இன்னொருத்தர் பேசாதீங்க. இது உங்க சென்னியப்பன் வாக்கு."

கணீரென்ற குரல். கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்த பிறகும் காதில் நிற்குமே, அப்படி.

வீட்டு முன்னறையில், நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் சட்டமன்ற உறுப்பினர் சென்னியப்பன். எழுபத்திரண்டு வயது. அந்த இடைநிறுத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. தானாக இருந்தாலும் அங்கேதான் நிறுத்தியிருப்போம் என்று நினைத்துக்கொண்டார்.

ஏனென்றால் பேசியது அவர் இல்லை. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியவன் அவர் மகன் தரணிதரன்.

போன வருடம் தொண்டையில் ஒரு கட்டி. வெளிமாநிலத்தில் யாருக்கும் தெரியாமல் அறுத்து எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. வாயைத் திறந்தால் தகரத்தில் ஆணியை இழுத்தாற்போல ஒரு சத்தம். ஐந்து தேர்தல்களை அந்தக் குரலால்தான் அவர் ஜெயித்தார். 'அந்த ஊட்டுல சொன்னா சொன்னதுதான்' என்று மூன்று தலைமுறையாக ஊர் சொல்லி வந்தது. தகரக் குரலோடு மேடை ஏறுவதா? எதிர்க்கட்சிக்காரன் அதை நடித்துக் காட்டிச் சிரிக்கவா? அவர் யோசிக்கவே இல்லை. தகப்பனுக்கும் மகனுக்கும் குரல் அச்சு வார்த்ததுபோல இருந்தது. தொலைபேசியில் தரணியைப் பெற்ற தாயே இருவரையும் மாற்றிப் பேசியிருக்கிறாள். "என்ற சொல்லு, உன்ற தொண்டை. அவ்வளவுதான்" என்று மகனிடம் சொன்னார். மகன் தலையாட்டினான். அவன் எப்போதும் தலையாட்டுகிறவன்.

சட்டமன்றத்தில் அவர் வாயைத் திறக்காததை 'முதிர்ச்சி' என்று பத்திரிகைகள் எழுதின. ஊரில் எதிர்ப்பட்டவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். வெளியில் பேசாமலிருப்பது அந்தக் காலத்தில் யாருக்கும் வியப்பாகவும் இல்லை. ஊரே பேச்சைக் குறைத்திருந்தது.

செவி என்ற கருவி வந்ததிலிருந்து அப்படித்தான். ஒவ்வொரு கைபேசியிலும், தெருவிளக்குக் கம்பத்திலும் அது கேட்டுக்கொண்டிருந்தது. என்ன பேசுகிறோம் என்பது அதற்கு வேண்டாம். எப்படி மூச்சு விடுகிறோம் என்பதுதான் வேண்டும்; அதிலேயே உலர்மூச்சு நோயைப் பிடித்துவிடும். காய்கறிக்காரர்கள் கூவுவதை விட்டு மணியடித்தார்கள். இழவு வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மறுபடியும் பாடச் சொன்னார்கள், பாட்டுக்காக அல்ல.

ஒன்பது மணிக்குள் வெள்ளை வேன் வாசலில் வந்து நின்றது.

இறங்கியவர் வட்டாரச் சுகாதார அதிகாரி, டாக்டர் நிலோபர். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு கைச்செவி.

"ஐயா, மன்னிக்கணும். காலையில நீங்க பேசின பேச்சுல செவி உலர்மூச்சைக் கண்டுபிடிச்சிருக்கு. தொடக்க நிலைதான். பயப்பட வேண்டாம். ஆனா இன்னிக்கே சிகிச்சை மனைக்கு வரணும்."

சென்னியப்பன் நிமிர்ந்தபடியே இருந்தார். உள்ளறைக் கதவருகே தரணி நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி கோபிகா, இடுப்பில் மூன்று வயது மகளோடு.

"உறுதிப்படுத்திக்கிறேன். ஒரு வார்த்தை பேசுங்க, ஐயா." டாக்டர் கைச்செவியை நீட்டினார்.

பெரியவர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கிசுகிசுத்தார். "கட்டியிருக்குது."

"கிசுகிசுப்பு இதுக்குக் கேக்காது. பரவாயில்ல, தொண்டை கட்டறதும் இந்த நோய்ல உண்டு." டாக்டர் கோபிகா பக்கம் திரும்பினார். "நீங்க பேசுங்கம்மா. பாப்பாவும் பேசட்டும்."

கோபிகா தன் பெயரைச் சொன்னாள். குழந்தை, "எனக்கு இட்லி வேண்டாம்" என்றது. கைச்செவி இரண்டு முறையும் பச்சை காட்டியது.

"நல்லது. உங்க கணவர் பேச முடியாதவரில்லையா? அந்த பைக் விபத்துக்கு அப்புறம்... செவிப் பட்டியல்லயே அப்படித்தான் இருக்கு. அவருக்கு ரத்தம் மட்டும் எடுத்துக்கறேன்."

"ரத்தத்துல தெரிஞ்சுருமுங்களா?" கோபிகாவின் குரல் பதறியது.

"காய்ச்சல் வந்தப்புறந்தான் ரத்தத்துல தெரியும். அதுக்குள்ள நுரையீரல் காய ஆரம்பிச்சிடும். அதனாலதான செவியே வச்சோம்? குரல் முன்கூட்டியே காட்டிக் கொடுத்துடும். இன்னிக்கு ஊசியை ஆரம்பிச்சா முழுசா குணமாகும். ஒரு வாரம் தள்ளிப்போனா எங்க கையில இல்ல. அந்த வாரத்துல வீட்டுல இருக்கறவங்களுக்கும் ஒட்டிக்கும், குழந்தைகளுக்குத்தான் முதல்ல." டாக்டர் தரணியின் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டு கிளம்பத் திரும்பினார். "துணிமணி எடுத்துக்குங்க ஐயா. நான் வெளியில இருக்கேன்."

உள்ளறைச் சுவர்களில் சத்தம் வெளியே போகாதபடி பஞ்சுப் பலகை அடித்திருந்தது. தரணி பேசக்கூடிய இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அவன் குரல் வேறெங்கே கேட்டாலும் செவி அதைச் சென்னியப்பன் என்றே எடுத்துக்கொள்ளும். ஒருவர் இரண்டு இடத்தில் பேச முடியுமா? ஆகவே மகனை ஊமை என்று பதிவு செய்தார் தகப்பன். பைக் விபத்தும் அவர் கட்டிய கதைதான்.

எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் கோபிகா கேட்டாள். "இப்ப என்ன பண்றதுங் மாமா?"

"நான் போறேன்" என்றார் சென்னியப்பன் கரகரத்த குரலில். "அங்க எனக்குக் குடுக்கற மருந்தை எப்படியாச்சும் அனுப்பி வைக்கறேன். இவன் இந்த ரூமுக்குள்ளயே இருக்கட்டும்."

"மாத்திரையா அது, துணியில முடிஞ்சு அனுப்பறதுக்கு? நரம்புல ஏத்தற ஊசிங் மாமா! நோயில்லாத உங்களுக்கு ஏத்துவாங்க. நோயாளி இங்க உக்காந்து சாவாரா?"

"கோபி, சும்மா இரு" என்றான் தரணி. "அப்பா சொல்றபடி செய்யலாம். உண்மையச் சொன்னா அப்பா பேரு என்னாகும்?"

"அப்பா பேரு! ஒரு வருஷமா நீங்க இந்தப் பஞ்சு ரூமுக்கு வெளிய என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. பாப்பா விழுந்து மண்டைய உடைச்சுக்கிட்டப்பகூட 'ஐயோ'ன்னு கத்தாம நின்னீங்க. இத்தனைக்கும் ஒரு பேரு வேணுமா?"

"அம்மிணி" என்றார் பெரியவர். அதட்ட நினைத்தார், தகரம்தான் கீறியது. "ஒருத்தர் குரலுக்கு இன்னொருத்தர் பேசினா பேசினவனுக்கு மூணு வருஷம் ஜெயில். ஊசி போட்டு முடிஞ்ச அன்னிக்கே இவனைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. இந்த ஊட்டுல எவனும் போலீஸ் வண்டி ஏறினதில்ல."

"தெரியுமுங். ருக்குமணி ஏறினா."

அந்தப் பெயரை அவர் வீட்டில் யாரும் சொல்வதில்லை. தறிக்கூடத்துப் பெண். சிகிச்சை மனைக்குப் போனால் வேலை போய்விடும் என்று பயந்த அக்காவுக்காக மாதச் சோதனையில் குரல் கொடுத்தாள். அக்கா செத்தாள், தங்கை சிறைக்குப் போனாள். கருணை மனுவில் கையெழுத்துக் கேட்டு அவள் அம்மா வந்தபோது சென்னியப்பன் சொன்ன பதிலை மறுநாள் எல்லாப் பத்திரிகையும் போட்டது: 'சட்டத்துக்கு முன்னால கண்ணீர் சாட்சி இல்ல.'

"அவ வேற, நாம வேற" என்றார். சொன்ன பிறகு அது அவருக்கே நன்றாக இல்லை.

"விடுங்கப்பா" என்றான் தரணி. "எனக்கு ஒண்ணும் பண்ணல. நான் நல்லாத்தான்..." மூச்சு நின்றது. ஒரே கணம். பிறகு தொடர்ந்தான். "நல்லாத்தான் இருக்கறேன்."

சென்னியப்பன் மகனை உற்றுப் பார்த்தார். காலையில் அவர் மெச்சிய இடைநிறுத்தம் அது. அது மேடைக்காரனின் நிறுத்தம் இல்லை. காற்று போதாமல் நின்ற நிறுத்தம். இயந்திரத்துக்குக் கேட்டது பெற்றவன் காதுக்குக் கேட்கவில்லை. ரசித்துக்கொண்டல்லவா இருந்தார்!

அவர் எழுந்தார். ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து, தொகுதிக்குப் பேசும் பொத்தானை அழுத்தினார்.

"நான் சென்னியப்பன்" என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. 'பதிவுக் குரலோடு பொருந்தவில்லை' என்று திரை காட்டியது.

மீண்டும் அழுத்தினார். "நான்தான் சென்னியப்பன் பேசறேன். காலையில பேசினது..."

இணைப்பு அறுந்தது. ஒலிபெருக்கி தானாகப் பேசியது. "சட்டமன்ற உறுப்பினர் போலப் பேசுவது தண்டனைக்குரிய குற்றம். இத்துடன் நிறுத்திக்கொள்ளவும்."

கணீரென்ற அதே குரல். போன வருடம் அவர் எழுதிக் கொடுத்துத் தரணி பேசிப் பதிந்த எச்சரிக்கை. மகன் முகம் வெளிறி நின்றான். ஒரு வருடமாகத் தன் பெயரில் கேட்ட குரலையே செவி உண்மைக் குரலாகப் பழகிக்கொண்டது என்று பெரியவருக்குப் புரிந்தது. உலகத்தில் சென்னியப்பன் ஒருவன்தான். அவன் இவரில்லை.

கதவைத் திறந்துகொண்டு நேரே வாசலுக்குப் போனார்.

வேனைப் பார்த்துத் தெரு கூடியிருந்தது. ஒருவர் வாயும் அசையவில்லை. கம்பத்துச் செவிக்குக் கீழே ஐம்பது அறுபது பேர் கைகட்டி நின்றார்கள். சென்னியப்பன் படியில் நின்று, ஒரு வருடத்தில் முதல்முறையாக ஊர் கேட்கப் பேசினார்.

"எனக்கு நோய் இல்ல. காலையில பேசினது நான் இல்ல, என்ற மகன். ஒரு வருஷமா அவன்தான் பேசறான். நோய் அவனுக்குத்தான். அவனைக் கூட்டிட்டுப் போங்க, டாக்டரம்மா."

டாக்டர் கைச்செவியைப் பார்த்தார். 'பதிவில்லாத குரல்' என்று அதில் எழுத்து ஓடியது. அவர் கண்களில் இரக்கம் தெரிந்தது.

"ஐயா, நோய் முத்தினா குரல் இப்படி உடையும். செவிக்கே அடையாளம் தெரியாமப் போகும். மூளைக்கும் ஏறும், சம்பந்தமில்லாம பேச வைக்கும். தயவுசெஞ்சு வண்டியில ஏறுங்க."

"நான் பொய் சொல்லிட்டேன்னு சொல்றேன். காதுல விழலையா?"

கூட்டத்தில் ஒரு கிழவர் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார். "ஐயா பொய் சொல்ல மாட்டாருங்க! அவிங்க அப்பாவும் சொன்னதில்ல. காய்ச்சல் பேசுதுங்க. கூட்டிட்டுப் போங்கம்மா, காப்பாத்துங்க!"

"ஆமாமுங்க" என்று நாலைந்து குரல்கள் துணிந்து எழுந்தன.

மூன்று தலைமுறை சேர்த்த நல்ல பெயர் குறுக்கே சுவர்போல நின்றது. வேன் ஊழியர்கள் இருவர் படியேறி வந்து பெரியவரின் கையைப் பிடித்தார்கள். அவர் உதறினார்.

"ஒரு நிமிஷம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி முன்னால் வந்தாள். தலைமுடியில் பஞ்சுத்தூசி. சிறையிலிருந்து வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு.

"இவரு சொல்றது நெசமுங்க டாக்டர்" என்றாள் ருக்குமணி. "மறைச்சு வச்சதச் சொல்றவங்க எப்படி நிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நானும் இப்படித்தான் நின்னேன். என்னையும் யாரும் நம்பல, எங்கக்கா சாகற வரைக்கும்." பெரியவரை நேராகப் பார்த்தாள். "என்ன பண்றதுங்க, சட்டத்துக்கு முன்னால கண்ணீர் சாட்சி இல்லீங்களே. வேற சாட்சி இருந்தாக் கொண்டாங்க."

சென்னியப்பன் அடி வாங்கியவர்போல ஒரு கணம் நின்றார். பிறகு திரும்பினார். வாசல் நிலையைப் பிடித்தபடி தரணி நின்றிருந்தான்.

"பேசுடா" என்றார்.

தரணி மறுத்துத் தலையசைத்தான். ஊமைகள் காட்டுவதுபோல வாயைத் தொட்டுக் கையை விரித்தான். கண்களில் நீர் நின்றது. தகப்பன் பெயரைக் காப்பாற்றப் பழகிய பையன், அந்தத் தகப்பனே கேட்டும் விடவில்லை.

"தரணி, நான் சொல்றேன். பேசு."

அசையவில்லை.

"பாத்தீங்களா ஐயா?" என்றார் டாக்டர் மெல்ல.

பெரியவர் ஆணையிட்டே பழகிய மனிதர். வேண்டிக் கேட்கும் சொல் ஒன்று அவர் வாய்க்கு வர வெகுநேரம் பிடித்தது. இரண்டு படி இறங்கி, மகனைவிடத் தாழ்வாக நின்றுகொண்டு, அண்ணாந்து பார்த்தார்.

"எனக்காகப் பேச வேண்டாம், சாமி. எனக்காகப் பேசினதெல்லாம் போதும். உன்ற பொண்டாட்டி நிக்கறா பாரு. ஒரு வருஷமாச்சாமே. பேர் சொல்லிக் கூப்பிடு அவளை. அது போதும் எனக்கு."

தரணி திரும்பிப் பார்த்தான். கோபிகா குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"கோபி" என்றான். குரல் தெருக்கோடி வரை போனது. "கோபிகா..."

குழந்தை துள்ளியது. "அப்பா வெளில பேசறாரு!"

கைச்செவி சிவந்து அறிவித்தது. "சென்னியப்பன். சட்டமன்ற உறுப்பினர். உலர்மூச்சு, தொடக்க நிலை."

'ஐயா பொய் சொல்ல மாட்டார்' என்ற கிழவர் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் உடனே வேலையைத் தொடங்கினார். தரணிக்கு முகமூடி மாட்டி, வேனுக்குள் படுக்க வைத்து, அங்கேயே முதல் ஊசியை ஏற்றினார்கள். கோபிகா கண்ணாடிக்கு வெளியே நின்று ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் உள்ளிருந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். சேர்த்து வைத்ததையெல்லாம் அன்றைக்கே பேசித் தீர்ப்பவர்கள் போலிருந்தது.

டாக்டர் பெரியவரிடம் வந்தார். குரல் தயங்கியது. "செவி பதிஞ்சது பதிஞ்சபடி மேல போயிடுச்சு, ஐயா. சென்னியப்பன்ங்கற குரல் சிகிச்சைக்குப் போகுது. பதிவில்லாத ஒரு குரல் 'நான் சென்னியப்பன்'னு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. இன்னொருத்தர் பேர்ல பேசின குற்றம் உங்க மேலதான் விழுது. போலீஸ் வந்துட்டிருக்காங்க."

"செவி பதிஞ்சதை அதிகாரி திருத்தக் கூடாதுன்னு ஒரு பிரிவு இருக்குது" என்றார் சென்னியப்பன். "பெரிய மனுஷன் எவனும் உங்களை வளைச்சுரக் கூடாதுன்னு நான் எழுதினது."

"தெரியும். ஆனா நீதிமன்றத்துல நான் சாட்சி சொல்லலாம். முகத்தைப் பார்த்தா தெரியாதா யார் யாருன்னு? ஒரு வாரத்துல திருத்திடலாம்."

"திருத்தினா குற்றம் யார் மேல விழும்?"

டாக்டர் வேனைப் பார்த்தார்.

"அப்பத் திருத்த வேண்டாம்" என்றார் அவர். "எனக்குப் பதிலாப் பேசச் சொன்னது நான். செவி சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்குது."

வேன் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. ருக்குமணி இன்னும் போகாமல் நின்றிருந்தாள். மன்னித்த முகம் இல்லை அது. ஆனாலும் கோபிகாவிடம் போய்ச் சொன்னாள். "உள்ள சிமிட்டித் தரை. முதுகு விட்டுப்போகும். கனமான கம்பளியா ஒண்ணு குடுத்து விடுங்கக்கா."

கோபிகா கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மறுக்காமல் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார். போன மாதம்தான் அவருடைய மாறுதலுக்குச் சென்னியப்பன் சிபாரிசு செய்திருந்தார். கைக்கருவியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"ஐயா... பேருன்னு ஒண்ணு போடணுமுங்க. சென்னியப்பன்னு போட்டா இது ஏத்துக்க மாட்டேங்குது. அவரு ஆஸ்பத்திரியில இருக்கறாருன்னு சொல்லுது. என்னன்னுங்க போடறது?"

இத்தனை வருடமாக அந்த ஊரில் தரணியை எல்லாரும் 'சென்னியப்பன் மகன்' என்றுதான் சொன்னார்கள். அவனுக்கென்று ஒரு பெயர் இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

பெரியவர் ஜீப்பின் கம்பியைப் பிடித்தார். தாங்க வந்த கான்ஸ்டபிளின் கையை விலக்கிவிட்டு, முதுகு வளையாமல் ஏறி உட்கார்ந்தார். தெரு முழுவதும் கேட்கும்படி அந்தத் தகரக் குரலில் சொன்னார்.

"தரணியோட அப்பன்னு போடு."